ஒட்டுண்ணிக்கு ஒரு முகம்

…ஆக, முப்பத்துநான்காம் கேள்வியாக வந்துவிட்டது, கேள்வித்தாள் தயாரித்த புண்ணியவான் யாரோ, இரண்டு மதிப்பெண்ணில் கேட்டுவிட்டுப் போவார் என்று பார்த்தால் ஏழு மதிப்பெண்ணில் தூக்கிப் போட்டிருக்கிறார், ‘அட்டையின் ஒட்டுண்ணித் தகவமைப்புகளை எழுதுக’, போடட்டும், எங்கே கேட்டால் என்ன, எப்படிக் கேட்டால் என்ன, சகாயமேரி டீச்சரின் பிள்ளைகளுக்கு அட்டைப்பூச்சி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்… கேள்வித்தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள் சகாயமேரி. மணி பதினொன்றே முக்கால். பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, முப்பத்தெட்டுப் பெண் பிள்ளைகள், மூன்றாம் திருப்புதல் தேர்வு, பொதுத்தேர்வுக்கு இன்னும் இருபதே நாள். மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறதே தவிர காற்று கீழே இறங்கக் காணோம், மாசியிலேயே மதுரை இப்படிக் காய்ந்தால் சித்திரைக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறதோ… அப்போதுதான் முதல் தலை திரும்பியது. ஜெஸியின் தலை, அவள்தான் எப்போதும் வேகமாக எழுதிக் கடைசிப் பக்கத்துக்கு முதலில் வருபவள். தலை முதலில் நான்காம் பெஞ்சுக்குப் போனது, அங்கே இன்று இடம் மாறி பிருந்தா உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கணம் தடுமாறியது, பிறகு ஜன்னலோரம் தேடிப் போய் அங்கே நின்றது. ஒரு நொடி. அவ்வளவுதான், குனிந்துகொண்டாள், பேனா ஓடத் தொடங்கியது. சகாயமேரிக்கு நெஞ்சு நிறைந்தது, பொய் சொல்வானேன், இருபத்திரண்டு வருட உழைப்பு அந்த ஒரு நொடியில் இருந்தது, ஜெஸி பார்த்தது படத்தை, ஒட்டுண்ணி என்ற சொல்லுக்கு டீச்சர் போட்டுக் கொடுத்த படத்தை, ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த அழகம்மாளை.

சொல்லை மனப்பாடம் செய்யாதே, சொல்லைப் பார், இதுதான் அவளுடைய முறை. சோழவந்தானிலிருந்தும் மேலூரிலிருந்தும் அறிவியல் ஆசிரியைகள் வந்து சனிக்கிழமைக் கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு போன முறை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முகம் வேண்டும், முகம் தெரிந்த முகமாக இருக்க வேண்டும், தினம் பார்க்கிற முகமாக இருந்தால் இன்னும் நல்லது, வகுப்பிலேயே முப்பத்தெட்டு முகம் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும்? வியர்த்துக் கொட்டுகிற ஜெஸிதான் நீராவிப்போக்கு, இரண்டடி உயர்த்திப் பிடித்தால்தான் கரும்பலகை எட்டும் பிருந்தாதான் குள்ளத்தன்மை. பிரம்பால் மேசையில் ஒரு தட்டு, ஒரு சொல், முப்பத்தெட்டுத் தலையும் அந்த முகத்துக்குத் திரும்ப வேண்டும், தினம் காலையில் பத்து நிமிடம், ஜெபம் முடிந்த கையோடு. படம் இனிப்பாக இருந்தால் ஒட்டாது, அதுதான் ரகசியம், கொஞ்சம் கூச்சமாக இருக்க வேண்டும், கொஞ்சம் குத்த வேண்டும், அப்போதுதான் மறக்காது. இதை அவள் எந்தப் பயிற்சி வகுப்பிலும் படிக்கவில்லை… ஒன்பதாம் வகுப்பில் யாரோ பணக்காரர் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்த பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு போனாள், அந்துருண்டை வாசம் போகவே இல்லை, வேதியியல் வாத்தியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு “வாம்மா நாஃப்தலீன்” என்றார், வகுப்பே சிரித்தது, அந்த வருடம் படித்ததில் வேறு எதுவும் இப்போது நினைவில்லை, நாஃப்தலீன் மட்டும் இருக்கிறது, பத்துக் கார்பன், எட்டு ஹைட்ரஜன், ஐம்பத்தொரு வயதிலும், குளிக்கும்போதும், பூசையில் மண்டியிடும்போதும், பத்துக் கார்பன், எட்டு ஹைட்ரஜன். அவமானத்தைப் போல ஒட்டுகிற பசை உண்டா? தனக்குக் கிடைத்ததைத்தானே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாள், கெட்டது என்றால் அது இத்தனை வருடம் நிலைத்திருக்குமா?

இரண்டாவது தலை, மூன்றாவது தலை, எல்லாரும் முப்பத்துநான்குக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். அழகம்மாளை ஒட்டுண்ணியாக்கியது சகாயமேரிக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஆடி மாதம், புதிதாகச் சேர்ந்திருந்தாள், மேலூர்ப் பக்கத்துக் கிராமம், அம்மா செத்து அப்பா போன இடம் தெரியாமல் மாமன் வீட்டில் இருக்கிறாள் என்று சேர்க்கைப் படிவத்திலேயே எழுதியிருந்தது. “மாமா வீட்ல சும்மாவா சோறு போடுறாக?” என்று கேட்டாள் டீச்சர், கேலியாகத்தான், “ஆமா டீச்சர்” என்றது அந்தப் பெண், அவ்வளவு போதாதா, அதற்கு மேல் படம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கை மாமன் வேட்டியில், ஒரு கை அத்தை முந்தானையில், அதுதான் இரண்டு ஒட்டுறிஞ்சி. தெத்துப்பல்லோடு சிரித்துக்கொண்டே கடிப்பாள், வலிக்காது, அதுதான் தாடை. செருப்பு அறுந்து வெறுங்காலோடு வந்த அன்று, அட்டைக்குக் காலே கிடையாது என்பதையும் சேர்த்தாயிற்று. கடைசியாகத்தான் தீனிப்பை கிடைத்தது, சத்துணவு முட்டையை அவள் தின்னாமல் டப்பாவில் வைத்து மூடுவதை ஒருநாள் பார்த்துவிட்டாள் டீச்சர், “பாத்துக்கங்கடி, இதான் சேமிச்சு வச்சு மாசக்கணக்கா திங்கிறது” என்றதும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. மாமன் மகளுக்குக் கொண்டுபோகிறேன் என்று அவள் சொன்னாள், சின்னப் பிள்ளை, இரண்டு வயசு, இவள்தான் காலையில் நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, பாத்திரம் விளக்கி, அதைக் குளிப்பாட்டிவிட்டு பஸ் ஏறுகிறாளாம், சொல்லத்தான் சொன்னாள், ஆனால் சிரிப்புச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? டீச்சருக்குக் கேட்டது. கேட்டது, கேட்டும்… படம் பொருந்திவிட்ட பிறகு கலைக்கவா முடியும்? ஆன்சியை முன்கழுத்துக் கழலை என்று வைத்திருந்தாள், ஆன்சியின் அம்மா கல்லூரிப் பேராசிரியை, மறுநாளே கூலிங் கிளாஸோடு வந்து நின்றாள், அன்று மத்தியானமே ஆன்சி மகரந்தச் சேர்க்கை ஆகிவிட்டாள், பூ வைத்த படம். அழகம்மாளுக்காக யாரும் வரவில்லை. வந்திருந்தால் மாற்றியிருக்க மாட்டாளா என்ன, மாற்றியிருப்பாள், வந்தால்தானே.

ஒருநாள் அவள் எழுந்து நின்று கேட்டாள், “எல்லாரும் என்னயப் பாக்குறாக டீச்சர், நா யாரப் பாக்க?” நியாயமான சந்தேகம்தான், பதில் சொல்லியிருக்கலாம், சகாயமேரி சொன்னது “கண்ணாடியப் பாருடி” என்று. அதற்கும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, அழவும் இல்லை, உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டாள், அழுத்தக்காரி, அதுதான் சகாயமேரிக்கு அவளிடம் பிடிக்காதது, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் கூப்பிட்டு ஒரு மிட்டாய் கொடுத்து முடித்திருப்பாள். படிப்பிலும் அப்படித்தான், சத்தமில்லாமல் முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிட்டாள், இப்போது ஹாஸ்டலில் ஓர் இடம் அவளுக்காகக் காத்துக் கிடக்கிறது, தாய் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசமாகத் தங்க வைத்துப் படிக்க வைப்பதாகக் கரஸ்பாண்டன்ட் சிஸ்டர் அறிவித்திருக்கிறார், இந்தத் தேர்வில் தொண்ணூறுக்கு மேல் எடுத்தால் அது அழகம்மாளுக்குத்தான். எடுக்காவிட்டால் மில்லுக்குப் போக வேண்டியது, பொதுத்தேர்வு முடிந்த மறுவாரமே பெண்களை ஏற்றிப் போகும் மில் வேனுக்கு மாமன் பெயர் கொடுத்து வைத்திருக்கிறானாம், வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். சகாயமேரிக்கும் அதே சிஸ்டரிடம்தான் காரியம் ஆக வேண்டியிருக்கிறது, ஜூன் மாதம் தலைமையாசிரியை நாற்காலி காலியாகிறது, வீட்டுக்காரர் லூர்துராஜ் இப்போதே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், இதுவரை கேள்விப்பட்ட வரையில் சிஸ்டரின் மனத்தில் சகாயமேரியின் பெயர்தான்… இப்போது தலைகள் வேகமாகத் திரும்பின, ஐந்து, எட்டு, பன்னிரண்டு. ஏழு மதிப்பெண் கேள்வி அல்லவா, ஒரு தடவை பார்த்தால் போதாது, ஒட்டுறிஞ்சிக்கு ஒரு பார்வை, தாடைக்கு ஒரு பார்வை, காலுக்கு ஒரு பார்வை, பெஞ்சுக்கு அடியில் குனிந்து அவள் காலைக்கூட ஒருத்தி பார்த்தாள். அழகம்மாள் தலை நிமிரவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்ததோ, வெயிலோ.

வராந்தாவில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. ரப்பர் செருப்பு, சத்தம் வராது, பின்பக்க ஜன்னல் வழியாக எவ்வளவு நேரம் பார்த்தாரோ, உள்ளே வந்தபோது முகம் வெளுத்திருந்தது, நேரே ஜன்னலோரம் போய் அழகம்மாளின் பேனாவுக்கு அடியிலிருந்து விடைத்தாளை உருவினார். “எழுந்திரு. அஞ்சு நிமிசமாப் பாக்குறேன், இத்தன பேரும் உன்னையே பாத்துப் பாத்து எழுதுறாங்க. என்ன சைகை காட்டுற, விரல்லயா, கால்லயா?” அழகம்மாள் எழுந்து நின்றாள். “சைகை காட்டல சிஸ்டர்.” “அப்ப எதுக்கு உன்னையப் பாக்குறாங்க?” சைகையா, சிரிப்பு வந்தது சகாயமேரிக்கு, பிறகு அந்தச் சிரிப்பு எங்கேயோ நடுவில் அறுந்துபோனது, ஏனென்றால் அழகம்மாள் பதில் சொல்லாமல் மேசைப் பக்கம் திரும்பி டீச்சரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சவும் இல்லை, வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தவர் எழுந்து சொல்வார் அல்லவா, அதற்குக் காத்திருப்பது போலச் சும்மா பார்த்தாள். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். சிஸ்டர், அவளைத்தான் நான் ஒட்டுண்ணி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அதனால் பார்க்கிறார்கள். இதை எப்படிச் சொல்வது, எந்த வாயால் சொல்வது, சொன்னால் ஏன் என்று கேட்பார், ஆன்சியின் அம்மா விஷயம் வெளியே வரும், முட்டை வெளியே வரும்… “சிஸ்டர், அது வந்து படம்…” என்று ஜெஸி பாதி எழுந்தாள். “ஒம் பேப்பரப் பாத்து எழுதுடி!” சகாயமேரியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. ஜெஸி உட்கார்ந்துவிட்டாள். “டீச்சர், நீங்க இங்கனதான நின்னீங்க, நீங்க பாக்கலையா?” என்றார் சிஸ்டர்.

“அவ நல்லாப் படிக்கிற புள்ள சிஸ்டர்” என்றாள் சகாயமேரி, “அதான் எல்லாரும் அவளயே பாக்குறாளுக.” வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது எவ்வளவு சுத்தமான வாக்கியம் என்று, அதில் பொய் என்று எந்தச் சொல்லைக் காட்ட முடியும், பாராட்டு மாதிரி இருந்தது, பாராட்டேதான், சிஸ்டருக்கு வேண்டியது அத்தனையும் அதில் இருந்தது. சிஸ்டர் பெருமூச்சு விட்டார். “அம்மா இல்லாத புள்ளைன்னு இரக்கப்பட்டு இடம் கொடுக்க நெனச்சா… ஹாஸ்டல் பேச்சு இனி வேணாம். போ, கெபிக்கு முன்னால போய் நில்லு.” விடைத்தாளை மேசையில் வைத்தார், “நடந்தத ஒரு தாள்ல எழுதி, இதோட சேத்து மணியடிச்சதும் ஆபீசுக்குக் கொண்டாங்க டீச்சர்.” அழகம்மாள் பேனாவை மூடினாள், ஸ்கேலையும் பென்சிலையும் டப்பாவில் அடுக்கினாள், அவசரமே இல்லாமல், மேசையைக் கடந்து போகும்போது, “வாரேன் டீச்சர்” என்றாள். பழக்கத்தில் சொன்னதுதான், தினம் சாயங்காலம் பஸ்ஸுக்கு ஓடும்போது சொல்வது. ஜன்னல் வழியாகத் தெரிந்தது, மாதா கெபி, சிமெண்டுக் குகைக்குள் மாதா சிலை, பிளாஸ்டிக் பூ, அதற்கு முன்னால் சிமெண்டுத் தரை கொதிக்கிற வெயிலில் அவள் போய் நின்றாள், செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு. புனித இடம் என்று கழற்றியிருக்கிறாள், முட்டாள் பெண், கால் பொசுங்குமே… கூப்பிட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லலாமா? சகாயமேரி எழவில்லை.

இப்போதுகூடப் போய்ச் சொல்லலாம். மணியடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, நாற்பது அடி நடந்தால் ஆபீஸ், சிஸ்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு என்று தொடங்கினால் மீதி தானாக வரும், சிஸ்டர் நல்லவர், ஒருவேளை சிரித்துவிடக்கூடச் செய்வார், சிரிக்க மாட்டார், தெரியும், நாற்காலி ஜூனில் வேறு யாருக்காவது போகும், லூர்துராஜ் ஊருக்கு என்ன பதில் சொல்வார், மேலூர் டீச்சர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன, சின்ன வயசு, மில்லில் ரெண்டு வருடம் போனால் கையில் காசு சேரும், மாமனுக்கும் பாரமாக… நிறுத்து. பாரமா? யார் யாருக்குப் பாரம், நாலு மணிக்குத் தண்ணீர் பிடிப்பது யார்? இதெல்லாம் இப்போது எதற்கு வருகிறது. வெள்ளைத்தாளை எடுத்துத் தேதி போட்டாள், ‘அறிக்கை’ என்று எழுதி அடிக்கோடிட்டாள், அதற்கு மேல் ஓடவில்லை, சரி, அப்படி என்னதான் எழுதியிருக்கிறாள் பார்ப்போம் என்று விடைத்தாளைத் திருப்பினாள். வரிக்கு வரி அச்சடித்த மாதிரி, முதல் பக்கம் முழுக்கச் சரி, இரண்டாம் பக்கம் சரி, முப்பத்துமூன்று சரி, படம்கூடப் பாகம் குறித்திருக்கிறாள், முழுக்க எழுதி முடித்திருந்தால் தொண்ணூற்றைந்துக்குக் குறையாது. முப்பத்துநான்கு மட்டும் கூடுதல் தாளில் தனியாக இருந்தது, வெள்ளை நூலில் கோத்து.

‘ஒட்டுண்ணித் தகவமைப்புகள். 1. அழகம்மாளின் உடலில் இரண்டு ஒட்டுறிஞ்சிகள் உள்ளன. இவற்றின் உதவியால் அழகம்மாள் விருந்தோம்பியின் உடலில் உறுதியாக ஒட்டிக்கொள்கிறது. 2. அழகம்மாளின் வாயில் மூன்று தாடைகள் உள்ளன. இவை வலியில்லாத காயத்தை உண்டாக்குகின்றன. 3. அழகம்மாளின் உமிழ்நீர் இரத்தம் உறைவதைத் தடுக்கிறது…’ சகாயமேரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். அட்டை என்று ஓர் இடத்தில்கூட இல்லை. ஐந்தாவது, கால்கள் இல்லை. ஆறாவது, ‘அழகம்மாளின் தீனிப்பையில் உணவு சேமித்து வைக்கப்படுகிறது. அது’, அவ்வளவுதான், அங்கேதான் சிஸ்டர் தாளை உருவியிருக்கிறார், பேனாக் கோடு தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. பாம்பு, வேண்டுமென்றே எழுதியிருக்கிறாள், நான் படிக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறாள், இது ஆபீசுக்குப் போனால் என் கதி… ஆனால் எழுத்தில் கோபமே இல்லையே? ஓர் அடித்தல் இல்லை, ஓர் அழுத்தம் இல்லை, மற்ற விடைகளைப் போலவே நேராக நின்றது, முக்கியச் சொல்லுக்குப் பென்சிலால் அடிக்கோடு போடுங்கடி என்று அவள் தினம் கத்துவாளே, அதன்படி ஸ்கேல் வைத்து, ஒவ்வொரு அழகம்மாளுக்கும் கீழே அடிக்கோடு. புகாரா இது, இல்லை, எட்டு மாதம் தினம் காலையில் பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தது அப்படியே படிந்து, எழுதியது என்னவென்று தெரியாமலே எழுதியிருக்கிறாளா? தெரியாமல் என்றால் பொதுத்தேர்விலும் இதைத்தான் எழுதுவாளா? சிவப்புப் பேனா கையில் இருந்தது, ஓரத்தில் ஐந்து சரிக்குறிகள் விழுந்திருந்தன, எப்போது போட்டாள் என்று அவளுக்கு நினைவில்லை. விரல்கள் நூலின் முடிச்சை அவிழ்த்தன. கூடுதல் தாளை உருவி, நான்காக மடித்து, கைப்பையில் ஜெபமாலைக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில் வைத்து ஜிப்பை இழுத்தாள், யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் தங்கள் தங்கள் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். முடிந்தது. சாயங்காலம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பதமாகச் சொல்லிவிட வேண்டும், பொதுத்தேர்விலாவது ஒழுங்காக எழுது, அது நீ இல்லை, அட்டைதான், அட்டையை நினைத்துக்கொள் என்று… எந்தப் படத்தைக் காட்டிச் சொல்வது? கண்ணை மூடி அட்டையை நினைத்துப் பார்த்தாள் சகாயமேரி, வெறும் அட்டையை, அழகர்கோவில் மலை ஓடையில் சின்ன வயதில் அவள் காலிலேயே ஒன்று ஏறியிருக்கிறது, அம்மா உப்புப் போட்டு எடுத்தாள், கறுப்பா அது, பழுப்பா, எவ்வளவு நீளம், முதுகில் கோடு இருந்ததா… இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறாள். ஒட்டுண்ணி என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள், முட்டை டப்பாவை மூடிக்கொண்டு ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தது, இன்னொரு முறை சொன்னாள், அதே பெண், அதே டப்பா. அட்டை வரவே இல்லை.